வேளாங்கண்ணியும் ஊர்ச் சுவரும்

நாம் கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு விமானமேறி, தஞ்சை, நாகை வழியே வேளாங்கண்ணி சேர்ந்தோம். உடன்வந்தோர் பிரிக்பீல்ட்ஸ் நகரத்தாரும் கிள்ளான் தோட்டத்தாருமாவர். அவருட் சிலர் திருநீறணிந்தவர். அதுபற்றி நமக்குக் குறையில்லை. பாட்டன்மார் பலர் பினாங்குக்குக் கப்பலேறிய நாகைத் துறைக்கு வெகு அணித்தே இக்கோயில் உள்ளது. மணற்பாதையில் முழந்தாளிட்டு ஊர்ந்தவரும், முடி கொடுத்தவரும், வெள்ளியிற் கைகால் செய்து காணிக்கையிட்டவரும் ஒருவர் வியர்வை மற்றொருவர் மேற்பட நெருங்கி நின்றனர். யார் குலம் யாதெனக் கேட்டாரில்லை. 1962-ம் ஆண்டில் போப்பரசர் 23-ம் அருளப்பர் இக்கோயிலைப் பசிலிக்காவாக உயர்த்திய பெருமையினும் இஃதே நமக்குப் பெரிதாகப்பட்டது.

இரண்டு நாள் கழிந்தது. அன்பரொருவர் தம் பாட்டனார் ஊருக்கு நம்மை அழைத்தேகினார். அங்கே கல்லறைத் தோட்டத்தின் நடுவே ஒரு சுவர்! இப்பால் ஒரு சாதி. அப்பால் ஒரு சாதி. அவர் பாட்டனார் அப்பாலுள்ளார். கடல் கடந்து வந்த பேரனிடம் அவர் சித்தப்பா மகன், “அது வழக்கந்தான், அண்ணே” என்றான்.

வழக்கமாம்! வடக்கன்குளத்தில் 1872-ல் எழுப்பிய கோயிலும் இவ்வழக்கத்துக்கெனவே கால்சட்டை போல் இரு கிளையாகக் கட்டப்பட்டது. பீடம் ஒன்று, சாதிக்கொரு கிளை. 1910-ல் தடுப்பை நீக்கியபோது, உரிமை போயிற்றென்று நீதிமன்றம் சென்று தோற்றவரும் கிறிஸ்துவரே. பழங்கதையென எண்ணற்க. எறையூரில் ஒடுக்கப்பட்ட கிறிஸ்துவர் தமக்கெனத் தனிப்பங்கு கேட்குமளவுக்கு வெறுத்தனர். 2008 மார்ச்சில் கலகம் மூண்டு, போலீஸார் சுட்டதில் இருவர் மாண்டனர். அதற்கு முன்னரே, 2003-ல், போப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் தமிழ்நாட்டு ஆயர்களிடம் சாதியைக் கண்டித்துப் பேசியிருந்தார். ரோமாபுரிச் சொல் எறையூர்த் தெருவுக்கு எட்டவில்லை போலும்.

இதைப் படித்து இந்து வைதிகர் அகமகிழ வேண்டா. அச்சுவரின் செங்கல் அவர் சூளையில் வெந்தது. சிலுவை தரித்தும் அதனைச் சுமந்து வந்தது தமிழனுடைய தலை. மலாய்நாட்டு லயங்களிலும் சாதி பார்த்துக் குடியிருத்திய காலமுண்டு. இன்றும் மணப்பேச்சில் அது மெல்லத் தலைநீட்டுகின்றது.

கிள்ளான் அன்பர்காள்! 1928-ல் எழுந்த உங்கள் லூர்து மாதா கோயிலில் ஒரே பலகையில் அமர்கின்றீர்கள். பின்னர் ஊர்த் திருவிழாவுக்கென ரிங்கிட் அனுப்புகின்றீர்களே, அப்பணம் எச்சுவருக்குச் சுண்ணாம்பாகிறதென்று ஒரு முறையேனும் கேட்டதுண்டா? புனித எண்ணெய்ப் புட்டியை மறவாது வாங்கிய நீங்கள் இதைக் கேட்க ஏன் மறந்தீர்கள்? நீங்கள் இருபது நாள் விருந்தினர். அங்கே கிடப்பவரோ உங்கள் பாட்டன்.

நம் அன்பர் கோபுரத் திருப்பணிக்கென ஓர் உறையிற் பணம் கொண்டுவந்திருந்தார். கல்லறையைக் கண்டபின் அதனை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். சுவரை இடிக்கும் கூலிக்காயின் அத்தொகையை உடனே அனுப்புவதாகப் பங்குக் குருவுக்கு எழுதியுள்ளார். மறுமொழி இன்னும் வந்திலது.