ஆப் ஃப்ரீயா, காசா? ஒருமுறை ‘ஃப்ரீ’ கொடுத்தால் என்ன ஆகும்? கிரிவல உதாரணத்துடன் ஒரு விளக்கம்

திருவண்ணாமலையில் ஒருவர் தனியாளாக கிரிவல ஆப் உருவாக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். 14 கி.மீ. பாதை, அஷ்டலிங்கங்கள், பௌர்ணமி நேரம், குடிநீர், கழிப்பறை என எல்லாம் அதில் இருக்கு. சரி, காசு எப்படி வாங்குவது?

‘ஃப்ரீ’யில் என்ன சிக்கல்?

கூகுள் பிளே ஸ்டோரில் இலவசமாக வெளியிட்ட ஆப்பை, பிறகு விலைக்கு விற்கும் ஆப்பாக மாற்ற முடியாது. புது ஆப்பாகத்தான் மறுபடி போடணும். டவுன்லோடு, ரிவ்யூ எல்லாம் பூஜ்ஜியத்தில் இருந்து தொடங்கும். ஆனால், இலவச ஆப்புக்குள் கட்டண வசதியை எப்போது வேண்டுமானாலும் சேர்க்கலாம்.

என்னென்ன வழிகள்?

* விளம்பரம்: ஆட்கள் அடிக்கடி திறந்தால்தான் வருமானம். பௌர்ணமிக்கு மட்டும் திறக்கும் ஆப்பில் மற்ற நாளெல்லாம் விளம்பரத்தைப் பார்க்க ஆள் இருக்காது.

* மாதச் சந்தா: தினமும் பயன்படுத்தும் ஆப்புக்கு செட் ஆகும். தீபத்துக்கு மட்டும் வருபவர் மாதாமாதம் ஏன் கட்டப்போகிறார்?

* ஒருமுறை கட்டணம்: பாதை விவரம் இலவசம், நெட் இல்லாமல் இயங்கும் மேப்புக்கு மட்டும் ஒரு தொகை. பராமரிப்புச் செலவு ஆண்டுதோறும் வருமே? ஆமாம். ஆனால், புதுப் பக்தர்களும் வந்துகொண்டே இருப்பார்கள்.

கமிஷன் எவ்வளவு?

ஆண்டுக்கு முதல் 10 லட்சம் டாலர் வருமானம் வரை 15% என்ற விகிதத்தை 2021 ஜூலையில் கூகுள் கொண்டுவந்தது. அந்தக் கணக்கில் 100 ரூபாய்க்கு விற்றால், வரிக்கு முன் கைக்கு வருவது 85 ரூபாய். ஆனால் ரூம், ஆட்டோ புக்கிங் போன்ற நேரடி சேவைகளுக்கு யுபிஐயில் பணம் வாங்கலாம். அதில் கூகுளுக்குப் பங்கு இல்லை.

இந்தக் கமிஷன் பெரிய நிறுவனங்களையும் விடவில்லை. கட்டணத் தகராறில் 2024 மார்ச் 1-ல், சென்னையைச் சேர்ந்த பாரத் மேட்ரிமோனி உள்ளிட்ட ஆப்கள் பிளே ஸ்டோரில் இருந்து நீக்கப்பட்டன. மத்திய அரசு தலையிட்ட பிறகே திரும்ப வந்தன.

அப்போ எதைத் தேர்வு செய்வது?

ஒரு காலத்தில் வாட்ஸ்அப்பே ஆண்டுச் சந்தா கேட்டது. 2016 ஜனவரியில் அதைக் கைவிட்டது. பின்னால் ஃபேஸ்புக் இருந்ததால் சமாளித்தது. தனியாளுக்கு அந்த வசதி இல்லை.

அதனால் ‘எவ்வளவு வைக்கலாம்’ என்று யோசிக்கும் முன், ‘வருஷத்துக்கு எத்தனை முறை திறப்பாங்க’ என்று கேளுங்கள். தினமும் என்றால் சந்தா. எப்போதாவது என்றால் ஒருமுறை கட்டணம். கிரிவல ஆப் இரண்டாவது ரகம்.