விலைக்கு வாங்காத கோஷ்டி

கிரிக்கெட்டைத் திட்டி எழுதுவது இந்த நாட்டில் சுலபமான காரியம். அதைப் படிக்கத்தான் ஆள் கிடைக்காது. ஆகவே நான் திட்டப்போவதில்லை. நானும் அந்த ஆட்டத்தைப் பார்க்கிறவன்தான். ஆனால், பல்லடம் சாலையில் அருள்புரத்திலிருந்து திருப்பூர் வரைக்கும் எந்த டீக்கடையில் நின்றாலும் ஒரு வார்த்தை காதில் விழுகிறது: "நம்ம டீமு." இந்த 'நம்ம' என்ற வார்த்தையோடுதான் எனக்கு வழக்கு.

2025 ஜூலையில் தமிழ்நாடு பிரீமியர் லீக் இறுதி ஆட்டத்தில் திருப்பூர் தமிழன்ஸ் கோஷ்டி, திண்டுக்கல்லை 118 ரன் வித்தியாசத்தில் தோற்கடித்துக் கோப்பையை வாங்கியது. ஊரே குதூகலப்பட்டது. சந்தோஷம். ஆனால், இந்தத் 'திருப்பூர்த் தமிழர்கள்' யார்? சில வருஷங்களுக்கு முன்னால் இதே கோஷ்டிக்குக் காரைக்குடிக் காளை என்று பெயர். காளை ஒரு நாள் தமிழனாயிற்று, செட்டிநாடு கொங்குநாடாயிற்று. சரக்கு அதுவே, லேபிள் மட்டும் வேறு! பனியன் ஊர்க்காரர்களுக்கு இதை நான் விளக்கவேண்டுமா, என்ன?

இன்னொரு கதையும் உண்டு. 2019 மார்ச்சில் கோயமுத்தூர் நேரு ஸ்டேடியத்தில் சென்னை சிட்டி என்ற கால்பந்துக் கோஷ்டி ஐ-லீக் பட்டத்தை வென்றது. பெயர் சென்னை, குடியிருப்பு கோவை. அப்போது போய்க் கூச்சல் போட்டவர்களைக் கேளுங்கள், கண் கலங்குவார்கள். சில ஆண்டுகளுக்குள் அந்தக் கோஷ்டி லீக்கிலிருந்தே மறைந்துபோயிற்று. கூச்சல் போட்டவன் என்ன செய்வான்? வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டுப் போனவனுக்காக அழுவதா?

பனியன் கம்பெனி நடத்தும் என் நண்பர் ஒருவரிடம், "அப்படியானால் காலேஜுப் பையன்களின் பந்தாட்டத்தைப் போய்ப் பாருங்களேன்" என்றேன். சிரித்துவிட்டார்.

"ஏனுங்க, அதெல்லாம் ஒரு ஆட்டமுங்களா? பந்து ஒரு பக்கம் போகுது, பசங்க ஒரு பக்கம் ஓடறாங்க. காசு குடுத்தாத்தானுங்க நல்ல ஆட்டக்காரன் வருவான்."

நியாயமான வாதம், ஆனால் தவறான வாதம். ஆட்டத்தின் தரம்தான் ஜனங்களை இழுக்கிறது என்றால், ராத்திரி டெலிவிஷனில் ஐரோப்பாவின் மகா நிபுணர்களைப் பார்த்துவிட்டுத் தூங்கிவிடலாம். உலகத்தில் வேறு யாரும் வேறு எந்த ஆட்டத்தையும் ஆடவேண்டிய அவசியமே இல்லை.

காசின் தாயகமான அமெரிக்காவையே பாருங்கள். அவர்கள் 'ஃபுட்பால்' என்று சொல்வது கையில் தூக்கிக்கொண்டு ஓடும் ஒரு முட்டைப் பந்து, அது கிடக்கட்டும். அங்கே மிச்சிகன் சர்வகலாசாலையின் மைதானத்தில் 1,07,601 பேர் உட்காரலாம். அந்த ஆட்டத்தைத் தொழிலாக ஆடும் கோஷ்டிகளில் எதற்கும் அவ்வளவு பெரிய மைதானம் கிடையாது. தொழில்காரன் மாணவனைவிட நன்றாக ஆடுவான் என்பது அந்த லட்சம் பேருக்கும் தெரியும். தெரிந்தும் மாணவனைப் பார்க்கத்தான் வருகிறார்கள். காரணம், அந்தக் கோஷ்டியை எவனும் மூட்டை கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட முடியாது. அந்தச் சட்டையை அப்பன் போட்டிருந்தான், இன்று மகன் போட்டிருக்கிறான். ஆட்டக்காரன் மூன்று, நாலு வருஷத்தில் போய்விடுவான், கோஷ்டி இருக்கும்.

அங்கேயும் இன்று கறையான் ஏறியிருக்கிறது. 2021 முதல் மாணவ ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்கு விற்கலாம் என்றாயிற்று. 2025 முதல் கல்லூரிகளே நேரடியாகப் பணம் கொடுக்கலாம். ஒரு கல்லூரிக்கு வருஷத்துக்குச் சுமார் 2 கோடி டாலர் வரை. உழைத்து ஆடுகிறவனுக்குப் பங்கு கொடுப்பது நியாயம்தான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதிகம் கொடுக்கிற கல்லூரிக்குப் பையன் தாவுகிற நாளில், அந்த 'நம்ம' என்ற வார்த்தை அங்கேயும் செத்துப்போகும். அங்கே மிஞ்சிய பணத்தால் வருகிற வியாதி அது. நம்முடைய வியாதி வேறு. நாம் பார்க்கவே போவதில்லை.

அவ்வளவு தூரம் கடல் தாண்ட வேண்டாம். பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கம் எட்டிப் பாருங்கள். 1968இல் பிறந்த கோழிக்கோடு சர்வகலாசாலை, 1971இலேயே அகில இந்திய சர்வகலாசாலைகளின் கால்பந்துக் கோப்பையை எடுத்துவிட்டது. அதன் தலைவர் விக்டர் மஞ்ஞிலா, கோல் காப்பவர். 1973இல் கேரளம் முதல் தடவையாகச் சந்தோஷ் கோப்பையை வென்றபோது அவரும் அந்த அணியில் இருந்தார். கல்லூரி மைதானத்தில் போட்ட விதை மாநிலத்துக்கே பலன் கொடுத்தது. நம் கதை என்ன? 1941இல் ஆரம்பித்த அந்தச் சந்தோஷ் கோப்பையைத் தமிழ்நாடு இதுவரை ஒரு தடவைகூட எடுத்ததில்லை. நம் பெண்கள் மட்டும் 2018இல் மணிப்பூரையும் 2023இல் ஹரியானாவையும் இறுதி ஆட்டங்களில் தோற்கடித்து, தேசியக் கோப்பையை இரண்டு தடவை கொண்டுவந்தார்கள். அதை எந்த டீக்கடையில் பேசினோம்?

"அப்படியானால் காலேஜில் கிரிக்கெட்டே ஆடட்டுமே, கால்பந்து எதற்கு?" என்று கேட்கலாம். அதற்கும் பதில் இருக்கிறது. கிரிக்கெட்டுக்கு மட்டை, காலுறை, கையுறை, தலைக்கவசம் என்று ஒரு டெய்லரின் மாசச் சம்பளம் வேண்டும். ஒரு நாள் பொழுதும் வேண்டும். கபடிக்கு ஒன்றும் வேண்டாம். அது நம் மண்ணின் ஆட்டம், அதற்கு என் கும்பிடு. கால்பந்துக்கு வேண்டியது ஒரே ஒரு பந்து. இருபத்திரண்டு பேர், தொண்ணூறு நிமிஷம். கட்டிங் மாஸ்டர் பையனும் கம்பெனி முதலாளி பையனும் ஒரே பந்தின் பின்னால் ஓடவேண்டும். முதலாளி பையனுக்கென்று தனிப் பந்து கிடையாது. பிழைப்புக்கு வந்த ஒடியாக்காரரும் பிகார்க்காரரும் வரம்போரத்தில் நின்றால், மொழி தெரியாமலே எவன் கோல் போட்டான் என்று தெரிந்துகொள்ளலாம். இவ்வளவு சமத்துவம் இந்த வட்டாரத்தில் வேறு எங்கே கிடைக்கும்? சொல்லுங்கள்.

கூட்டம் வருவதில்லையே என்பார்கள். எப்படி வரும்? கல்லூரி ஆட்டங்கள் பெரும்பாலும் வேலை நாளில் நடக்கின்றன. அந்த நேரத்தில் அருள்புரத்துக்காரன் பவர் டேபிளின் முன்னால் குனிந்திருக்கிறான். ஆர்டர் அவசரமென்றால் ஒன்றரை ஷிஃப்டு. வீடு திரும்பும்போது நட்சத்திரம் பார்க்கலாம், பந்து பார்க்க முடியாது. சனிக்கிழமை சம்பளம், ஞாயிற்றுக்கிழமை ஓய்வு. அந்த ஒரே ஞாயிற்றுக்கிழமையில் கல்லூரி வாசலில் பூட்டுத் தொங்குகிறது. அவன் பெற்ற பையன் உள்ளே படிக்கிறான், ஆடுகிறான்; பெற்றவன் ஒரு நாளாவது அதைப் பார்த்திருப்பானா?

ஆகவே நான் கேட்பது பெரிய காரியம் ஒன்றுமல்ல. ஸ்டேடியம் கேட்கவில்லை, மின்விளக்குக் கேட்கவில்லை. கல்லூரிப் பந்தாட்டங்களை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு வையுங்கள். வாசலைத் திறந்துவிடுங்கள். டிக்கெட் வேண்டாம். உலகத்துக்கெல்லாம் சட்டை தைத்து அனுப்புகிற ஊர் இது. பதினொரு பையன்களுக்கு நல்ல ஜெர்சி தைத்துக் கொடுக்க ஒரு முதலாளி கிடைக்காமலா போவார்? என் நண்பரையே கேட்டிருக்கிறேன். "பார்க்கலாமுங்க" என்றிருக்கிறார். எங்கள் ஊரில் அதற்கு இரண்டு அர்த்தமும் உண்டு.

உங்கள் ஊர்க் கல்லூரியில் அடுத்த பந்தாட்டம் என்றைக்கு என்று போய்க் கேட்டுப் பாருங்கள். பதில் சொல்ல அங்கே ஆள் இல்லையென்றால் அது கல்லூரியின் குற்றம். கேட்கவே போகாவிட்டால், அப்புறம் டீக்கடையில் 'நம்ம டீமு' என்று சொல்ல நமக்கு என்ன பாத்தியதை?