கண்டு கற்றல்

நூலைக் கற்றுப் பெறும் அறிவு ஒரு வகை; பொருளை நேரிற் கண்டு பெறும் அறிவு மற்றொரு வகை. முன்னது விளக்கு எனின், பின்னது அவ்விளக்கின் ஒளியில் தோன்றும் காட்சி எனலாம். விளக்கு இருந்தும் காண்பதற்குப் பொருள் இல்லையாயின் பயன் இல்லை. பொருள் இருந்தும் விளக்கு இல்லையாயின் இருளில் தடவுதலே எஞ்சும். ஆதலின், பழம்பெருங் கோயில்களையும் கோட்டைகளையும் குகைகளையும் அருங்காட்சியகங்களையும் நாடக அரங்குகளையும் சென்று காணுதல் வெறும் பொழுதுபோக்கு அன்று. அது கல்வியின் ஒரு கூறேயாகும்.

ஆயினும், சென்றவர் எல்லாரும் கண்டவர் ஆகார். விடியலிற் புறப்பட்டு, ஒரு பகலில் ஒன்பது ஊர்களைச் சுற்றி, நள்ளிரவில் வீடு திரும்புவோர் பலர். எதைக் கண்டீர் என்று வினவினால், ஊர்ப் பெயர்களை அடுக்குவர். உண்ட உணவைக் கூறுவர். கைப்பேசியில் எடுத்த படங்களைக் காட்டுவர். அப்படங்களிலும் அவர்கள் முகமே முன் நிற்கும். சிற்பம் பின்னே மறைந்து கிடக்கும். இத்தகைய செலவால் காலுக்கு வருத்தமும் கைப்பொருளுக்குக் குறைவும் உண்டாகுமேயன்றி, அறிவுக்கு ஆக்கம் உண்டாகாது. பத்து இடங்களைப் பாராமற் பார்ப்பதினும் ஓரிடத்தை உளம் பொருந்தக் காண்பதே சிறந்தது. இதற்குச் சான்றாகப் புதுக்கோட்டை மாவட்டத்து ஆவுடையார்கோவிலைக் கூறலாம்.

ஆவுடையார்கோவில், அறந்தாங்கியிலிருந்து மீமிசல் செல்லும் வழியில் உள்ளது. திருப்பெருந்துறை என்பது இதன் பழம்பெயர். பாண்டியனுக்கு அமைச்சராயிருந்த மாணிக்கவாசகர், குதிரை வாங்குவதற்காகப் பெரும்பொருளுடன் வந்தபோது, இங்கே ஒரு குருந்தமரத்தின் நிழலில் குருவைக் கண்டு ஆட்பட்டார் என்பது வரலாறு. குதிரைக்குரிய பொருள் கோயிற் பணிக்குச் செலவாயிற்று என்றும், பின்னர் நரிகள் பரிகளாயின என்றும் புராணம் கூறும். இக்கதையை அறிந்து செல்பவன், மண்டபத் தூண்களிற் செதுக்கப்பெற்ற குதிரைகளைக் கண்டவுடன் நின்றுவிடுவான். குதிரையின் இலக்கணம் அறிந்த தச்சன் உளி பிடித்த திறத்தை வியப்பான். பண்டைத் தமிழகத்திற்கு உயர்ந்த குதிரைகள் கடல் கடந்து அரபு நாட்டிலிருந்து வந்தன என்பதும், பாண்டி நாட்டின் குதிரை வாணிகத்தைப் பதின்மூன்றாம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ குறித்துவைத்தான் என்பதும் அவன் நினைவுக்கு வரும். கதை அறியாதவனோ, கல்லிற் குதிரை என்று சொல்லிக் கடந்து செல்வான். இருவர்க்கும் கண் இரண்டே. காட்சி மட்டும் வேறு.

இக்கோயிலின் கருவறையில் இலிங்கத் திருவுருவம் இல்லை. ஆவுடையார் எனப்படும் பீடம் மட்டுமே உள்ளது. அம்மன் சந்நிதியிலும் உருவம் இல்லை, திருவடிகளே வழிபடப்பெறுகின்றன. சிவன் கோயில்களில் எதிர்நோக்கும் கொடிமரமும் நந்தியும் இங்கே காணப்பெறா. சமைத்த புழுங்கலரிசிச் சோற்றைப் படைகல்லிற் பரப்பி, அதிலிருந்து எழும் ஆவியையே இறைவனுக்கு நிவேதனமாகக் கொள்வர். இவ்வாறு உள்ளே உருவமற்ற பொருளைப் போற்றும் இக்கோயில், வெளியே மண்டபந்தோறும் உருவங்களை நிரப்பி வைத்திருக்கின்றது. சினங்கொண்ட வீரபத்திரர் ஒருபுறம். கூடை ஏந்திய குறத்தி ஒருபுறம். ஆடுவார், இசைப்பார், வேட்டைக்குச் செல்வார் என எண்ணற்ற வடிவங்கள். உருவத்திற் பழகிய கண்ணை மெல்ல மெல்ல உருவமற்றதன்பால் அழைத்துச் செல்லும் படிகளாக இம்மண்டபங்களைக் கொள்ளுதல் பொருந்தும். ஓடிச் செல்பவர்க்கு இக்கருத்துத் தோன்றுதல் அரிது. ஒவ்வொரு மண்டபத்திலும் நின்று செல்பவர்க்கே அது விளங்கும்.

ஆவுடையார்கோவிலின் பெரும்புகழுக்குக் காரணம் அதன் கொடுங்கை. கொடுங்கையாவது மண்டபக் கூரையின் வெளியே வளைந்து தாழும் இறப்பு. மரவீடு கட்டும் தச்சன் உத்திரமும் கைமரமும் சட்டமும் வைத்து, குமிழ் ஆணி அறைந்து கூரை அமைப்பான். அம்மரவேலை முழுவதையும் கருங்கல்லிலே காட்டியிருக்கின்றான் இங்குள்ள சிற்பி. ஆணியின் தலையும் கல். அது தைத்த சட்டமும் கல். முற்காலத்தில் கோயிற்பணி ஏற்கும் சிற்பிகள், ‘ஆவுடையார்கோவில் கொடுங்கை நீங்கலாக’ எதனையும் செய்து தருவோம் என்று உடன்படிக்கை எழுதுவர் என்பது செவிவழிச் செய்தி. ஒரு கலைஞன் தன்னால் இயலாதது இன்னதென்று அறிந்து பணிவதும் கலையறிவே என்பதை இச்செய்தி உணர்த்துகின்றது.

அக்கொடுங்கையைப் பற்றி அவ்வூரார் மற்றொரு கதையும் சொல்வர். கும்பினியார் காலத்து அதிகாரி ஒருவன், இது கல்லாயிருத்தல் இயலாது என்று ஐயுற்று, உண்மையறியத் துப்பாக்கியாற் சுட்டுப் பார்த்தான் என்றும், அதனால் உண்டான துளையே அங்குக் காணப்படுகின்றது என்றும் கூறுவர். கதை எத்துணை உண்மையாயினும் ஆகுக. அதன் கருத்து ஆழ்ந்து எண்ணுதற்குரியது. ஐயம் எழுதல் குற்றமன்று. ஐயமே அறிவின் வாயில். ஆனால் ஐயத்தைத் தீர்க்கும் வழி பொருளை அழிப்பதாயின், விடை கிடைக்கும், பொருள் கிடையாது. சுட்டவனைக் குறை கூறுவோர் இன்றும் என்ன செய்கின்றனர் என்று சிறிது நோக்குதல் வேண்டும். கல்லிலிருந்து இசை எழுமா என்று இசைத்தூண்களை மற்றொரு கல்லால் தட்டுகின்றனர். கற்சங்கிலி அசையுமா என்று இழுக்கின்றனர். ஓவியம் பசையற்றதா என்று நகத்தாற் கீறுகின்றனர். தம் பெயரையும் ஆணியால் எழுதுகின்றனர். துப்பாக்கி ஒருமுறையே வெடித்தது. ஆயிரம் விரல்களோ நாள்தோறும் தேய்க்கின்றன. பின்னதன் கேடு முன்னதற்குக் குறைந்ததன்று.

அறியாமை மட்டுமன்றி ஆர்வமும் சிலவேளை கேடு செய்யும். கோயிலைப் புதுக்குகின்றோம் என்ற நல்லெண்ணத்தால் பழஞ்சுவர்மீது சுண்ணம் பூசி ஓவியங்களை மறைத்தவரும், மணலை விசையுடன் பாய்ச்சிக் கல்லைத் தூய்மை செய்து கல்வெட்டு எழுத்துகளைத் தேயவிட்டவரும் உண்டு. எழுத்துத் தேய்ந்தபின் அக்கல் பேசாது. ஓர் அரசன் பெயரும், ஒரு குளத்தின் எல்லையும், ஒரு சிற்றூரார் அளித்த கொடையும் அதனோடு மறையும். அவை எந்த நூலிலும் மீண்டும் எழுதப்பெறா.

பொறுமையோடு காண்பவர் பெறும் பயனுக்கும் சான்றுகள் பலவுள. தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சூழ்ந்த இருண்ட சுற்றுவழியிலே நாயக்கர் கால ஓவியங்களே உள்ளன என்று எண்ணியிருந்த காலத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த எஸ். கே. கோவிந்தசாமி 1931-ஆம் ஆண்டில் அவற்றின் அடியிலே சோழர் கால ஓவியங்கள் மறைந்திருத்தலைக் கண்டறிந்தார். ஒன்பது நூற்றாண்டுகளாக எத்துணையோ பேர் அக்கோயிலுக்கு வந்து சென்றனர்; நின்று நோக்கிய ஒருவருக்கே அச்செல்வம் புலனாயிற்று. புதுக்கோட்டைக்கு அணித்தாயுள்ள சித்தன்னவாசல் ஓவியங்களும் இவ்வாறே நெடுங்காலம் போற்றுவாரின்றிக் கிடந்து, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேதான் அறிஞர் உலகிற்கு வெளிப்பட்டன. அங்குள்ள தாமரைக் குளமும், மீனும், யானையும், மலர் கொய்யும் அடியாரும் இன்று ஓரளவே எஞ்சியுள்ளன. எஞ்சியவற்றின் அழகைக் காணுந்தோறும் இழந்தவற்றின் நினைவு நெஞ்சை வருத்தும்.

‘அரியன யாவற்றையும் பெயர்த்து அருங்காட்சியகத்தில் வைத்துப் பூட்டிவிட்டால் என்ன?’ என்று சிலர் கேட்பர். அருங்காட்சியகத்தின் பயன் மிகப் பெரிது. திருக்கோகர்ணத்தில் 1910-ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற புதுக்கோட்டை அருங்காட்சியகத்தில், பல ஊர்களிற் சிதறிக் கிடந்த சிற்பங்களும் செப்புத் திருமேனிகளும் காசுகளும் ஒருங்கே காக்கப்பெறுகின்றன. இடம் இழந்த பொருளுக்கு அது புகலிடம். எனினும் இடத்தோடு பொருந்திய பொருளை அவ்விடத்திலேயே காத்தல்தான் முறை. கொடுங்கையைப் பெயர்த்து வைத்தால் அது ஒரு வளைந்த கல்லாகவே நிற்கும்; அதன்மேல் வீழும் மழையும், அதன்கீழ்ச் செல்லும் அடியாரும், அருகில் ஒலிக்கும் மணியும் உடன் வாரா.

‘கோயில் வழிபடுதற்கே உரியது, சிற்பத்தை ஆராய்வது எதற்கு?’ என்று வேறு சிலர் வினவுவர். சிற்பி தன் வாழ்நாளைச் செலவிட்டுச் செதுக்கியதை ஒரு நாழிகை நின்று காணுதல் வழிபாட்டிற்கு மாறானதன்று. அது அப்பணிக்குச் செய்யும் நன்றி. சமயம் கருதி வாராதவர்க்கும் பணிவோடு காணும் கடமை உண்டு. பிறர் போற்றும் இடத்திற் பணிவின்றி நடப்பவன், எத்துணைக் கற்றவனாயினும் கல்லாதவனே.

நெடுந்தொலைவு செல்லப் பொருள் இல்லாத மாணவர் என் செய்வர்? அவர் வருந்த வேண்டுவதில்லை. தமிழகத்தில் ஊர்தோறும் காண்பதற்கு ஒன்று உண்டு. ஊர்க்கோயிற் சுவரில் கல்வெட்டு இருக்கும்; ஏரிக்கரையில் நடுகல் நிற்கும்; திருவிழா இரவில் நாடகம் நடக்கும். சங்கரதாஸ் சுவாமிகள் இயற்றிய வள்ளி திருமணம் போன்ற இசைநாடகங்களைப் புதுக்கோட்டை வட்டாரத்து ஊர்களில் இன்றும் விடிய விடிய நடிக்கின்றனர். கல்லில் உறைந்த குறத்தியை மண்டபத்திற் கண்டவன், குறமகள் வள்ளியை அரங்கிலே உயிரோடு காண்பான். ஒன்று மற்றொன்றை விளக்கும்.

ஆதலின், காணச் செல்பவர் மூன்றனை மனத்திற் கொள்ளுதல் நன்று. செல்லுமுன் அவ்விடத்தின் வரலாற்றைச் சிறிதேனும் கற்க வேண்டும். சென்றபின் விரையாது நின்று, வரலாறு இது, புராணம் இது எனப் பகுத்தறிந்து காண வேண்டும். ஆவுடையார்கோவில் முழுவதையும் மாணிக்கவாசகரே எடுப்பித்தார் என்பது மரபு. மண்டபங்களின் அமைதியோ அவருக்குப் பல நூற்றாண்டு பிற்பட்ட காலத்தைக் காட்டும். மரபை இகழாமலும் ஆராய்ச்சியை மறவாமலும் இரண்டையும் உரிய இடத்தில் வைப்பதே கற்றவர்க்கு அழகு. திரும்புமுன், தாம் வந்து சென்றதன் அடையாளம் ஒன்றேனும் அங்கே எஞ்சாதவாறு பார்த்துக்கொள்ள வேண்டும்.

காக்கப்பெறும் நினைவுச்சின்னங்களைச் சிதைப்பவர்க்கு 1958-ஆம் ஆண்டுச் சட்டம் தண்டனை விதிக்கின்றது. 1976-ஆம் ஆண்டு அரசமைப்பிற் சேர்க்கப்பெற்ற அடிப்படைக் கடமைகளுள், நாட்டின் பண்பாட்டுச் செல்வத்தை மதித்துக் காத்தலும் ஒன்று. ஆயினும் தூண்தோறும் காவலரை நிறுத்தல் எந்த அரசாலும் இயலாது. தொடாது நிற்கும் கையே சிறந்த காவல். முன்னோர் கல்லிற் பொறித்ததை மாணவர் தம் நெஞ்சிற் பொறித்துக்கொள்வாராக! கல்லிலே தம் பெயரைப் பொறிக்க வேண்டுவதில்லை. அதனைப் பழுதின்றிப் பின்வருவோர்க்கு விட்டுச் செல்லுதலே அவர் பெயரை நிலைபெறச் செய்யும்.