இதயத்தின் நான்கு மணி நேரம் எப்போது தொடங்குகிறது?

கோலாலம்பூர் - உறுப்பு தானம் என்று பேச்செடுத்தாலே நம் குடும்பங்களில் ஒரு கேள்வி தயங்கித் தயங்கி வரும். “இதயம் நாலு மணி நேரம்தான் தாங்குமாமே, அதுக்காக டாக்டருங்க அவசரப்படுத்த மாட்டாங்களா?” தோட்டத்து வீடானாலும் பட்டணத்து அடுக்குமாடியானாலும் இந்தப் பயம் ஒன்றுதான். இதைச் சிரித்து ஒதுக்கிவிட முடியாது.

நான்கு மணி நேரக் கணக்கு உண்மையானதே. ஆனால், அது எந்த நொடியில் தொடங்குகிறது என்பதில்தான் குழப்பம் இருக்கிறது.

மூளைச் சாவு அடைந்தவரின் இதயம் சுவாசக் கருவியின் உதவியால் துடித்துக்கொண்டே இருக்கும். அதற்கு இரத்தமும் ஆக்சிஜனும் தடையின்றிக் கிடைக்கும். மூளைச் சாவைச் சோதித்து உறுதிப்படுத்தும் மருத்துவர்கள் மாற்று அறுவை சிகிச்சைக் குழுவைச் சேர்ந்தவர்களாக இருக்கக்கூடாது. அந்தச் சோதனைகள் நடக்கும்போதும், குடும்பத்தார் வராந்தாவில் கூடிப் பேசும்போதும் இந்தக் கடிகாரம் ஓடுவதில்லை.

சம்மதம் கிடைத்த பிறகு, அறுவைக் கூடத்தில் இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியைக் கவ்வியால் அடைக்கிறார்களே, அந்த நொடியில்தான் அது ஓடத் தொடங்குகிறது. பொட்டாசியம் கலந்த குளிர்ந்த திரவத்தைச் செலுத்தி இதயத்தை நிறுத்துவார்கள். பிறகு அதைப் பைகளில் இட்டு ஐஸ் பெட்டியில் வைப்பார்கள். நோயாளியின் நெஞ்சில் பொருத்தப்பட்டு மீண்டும் இரத்தம் பாயும்போதுதான் கணக்கு முடிகிறது.

குளிர் இதயத் தசையின் பசியைக் குறைக்குமே தவிர, அடியோடு நிறுத்தாது. சேமித்து வைத்த சக்தி கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டிருக்கும். நேரம் கடந்துவிட்டால், புதிய உடலில் இரத்தம் பாய்ந்தாலும் இதயம் வலுவாகத் துடிக்காமல் போகலாம். மாற்று அறுவை சிகிச்சைக்குப் பிந்திய முதல் மாத மரணங்களுக்கு முக்கியக் காரணங்களில் இதுவும் ஒன்று. சிறுநீரகம் ஒரு நாள் வரை, சில வேளைகளில் அதற்கு மேலும் தாங்கும். இதயத்துக்கு அந்தப் பொறுமை கிடையாது.

அதற்காக மூன்று மணி 59 நிமிடத்தில் நல்ல இதயம், நான்கு மணி ஒரு நிமிடத்தில் கெட்ட இதயம் என்று ஆகிவிடாது. நேரம் கூடக் கூட ஆபத்து ஏறுகிறது, அவ்வளவே. தானம் தருபவர் இளையவர் என்றால் அந்த இதயம் தாமதத்தை ஓரளவு சமாளிக்கும். நடுத்தர வயதைத் தாண்டிய இதயத்துக்கு அது கடினம்.

நம் நாட்டில் இந்தக் கணக்கை வரைபடத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். முதல் இதய மாற்று அறுவை சிகிச்சை 1997 டிசம்பரில் கோலாலம்பூர் ஐஜேஎன்னில் நடந்தது. பத்தாண்டுகள் கழித்து, 2007 அக்டோபரில், 14 வயதுச் சிறுமி ஒருவருக்கு ஈப்போவிலிருந்து வந்த இதயத்தை உடல் ஏற்கவில்லை. மறுநாளே ஜொகூர் பாருவிலிருந்து இன்னோர் இதயம் வந்து சேர்ந்தது. இரண்டுமே தீபகற்பத்துக்குள் கிடைத்தவை. கோத்தா கினபாலுவிலிருந்து என்றால் விமானப் பயணம் மட்டுமே ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். இரு முனைகளிலும் சாலைப் பயணம், தைத்து முடிக்க ஏறத்தாழ ஒரு மணி நேரம் என்று கூட்டிப் பாருங்கள். ஐஸ் பெட்டியை நம்பி அந்தத் தூரத்தைக் கடப்பது பெரிய சூதாட்டம்.

இந்த எல்லை இப்போது தளரத் தொடங்கியிருக்கிறது. ஐஸில் வைப்பதற்குப் பதிலாக, ஆக்சிஜன் கலந்த குளிர்ந்த திரவத்தை இதயத்துக்குள் செலுத்திக்கொண்டே கொண்டுசெல்லும் இயந்திரங்கள் வந்துவிட்டன. கரிபியனில் உள்ள பிரெஞ்சுத் தீவுகளிலிருந்து பாரிஸ் வரை, சாதாரணப் பயணிகள் விமானத்தில் ஓர் இதயம் இப்படிக் கொண்டுசெல்லப்பட்டு, சுமார் 12 மணி நேரத்துக்குப் பிறகு வெற்றிகரமாகப் பொருத்தப்பட்டதை 2024இல் பிரெஞ்சு மருத்துவர்கள் அறிவித்தனர். சபா, சரவாக் தூரமெல்லாம் அதன் முன் எம்மாத்திரம்! ஆனால் இயந்திரத்தின் விலையும், அதை இயக்கப் பயிற்சி பெற்ற ஆட்களும் சாதாரண விஷயமல்ல. தானமே அரிதாகக் கிடைக்கும் நாட்டில் அந்தச் செலவை நியாயப்படுத்துவது எளிதல்ல.

இயந்திரமே வந்தாலும் முதல் கதவைத் திறக்க வேண்டியது குடும்பம்தான். இறந்தவர் உயிரோடு இருந்தபோது தானத்துக்குப் பதிந்திருந்தாலும் இங்கே வாரிசுகளிடம் கேட்கப்படுகிறது. ஜொகூரிலிருந்து அண்ணன் வந்து சேரும்வரை காத்திருக்கலாமா என்று தயங்காமல் கேட்கலாம். அந்தக் காத்திருப்பு நான்கு மணி நேரத்தில் சேராது. ஆனால் மூளைச் சாவுக்குப் பிறகு இரத்த அழுத்தம் நிலைகொள்ளாமல் போகும், இதயமும் தானாகவே நின்றுவிடலாம் என்பதால், எவ்வளவு நேரம் காத்திருக்க முடியும் என்பதையும் தீவிர சிகிச்சைப் பிரிவு மருத்துவரிடம் அப்போதே கேட்டுக்கொள்வது நல்லது.