கடனில்லாத் தேனிலவு

தை பிறந்தால் காஜாங் வட்டாரத்தில் திருமண அழைப்பிதழ்கள் குவியும். மணமக்களுள் பலர் மண்டபச் செலவுக்கே கடன் வாங்கியிருப்பர். அதன்மேலும் கடன்பற்று அட்டையை நம்பிப் பாலிக்கும் மாலைத்தீவுக்கும் பறக்கத்தான் வேண்டுமா?

நம் நாட்டிலேயே அழகிய தீவுகள் உள்ளன. ஆனால், மாதம் பார்த்துத் தேர்ந்தெடுத்தல் வேண்டும். நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்றால் கிழக்குக் கரையில் கடல் கொந்தளிக்கும். ரெடாங், பெர்ஹெந்தியான் தீவுகளின் தங்கும் விடுதிகளுள் பெரும்பாலானவை அக்காலத்தில் மூடப்பட்டிருக்கும். எனவே, தை மாதத் தம்பதியர் மேற்குக் கரையை நாடுவதே நன்று.

பேராக் மாநிலத்துப் பங்கோர் தீவே என் பரிந்துரை. லுமுட் வரை பேருந்து. அங்கிருந்து சிறிது நேரப் படகுப் பயணம். கடலை நோக்கிய பத்திரகாளியம்மன் ஆலயமும், 1670இல் டச்சுக்காரர் முதலில் அமைத்த கோட்டையின் எச்சமும் அங்குண்டு. 2020 முதல் அது தீர்வையற்ற தீவு. பள்ளி விடுமுறையையும் வார இறுதியையும் தவிர்த்தால் அறை வாடகையும் குறையும்.

"எந்த நாட்டுக்குப் போனீர்கள்?" என்று உறவினர் கேட்பதை நிறுத்தினாலே இளையோரின் பாதிச் சுமை இறங்கிவிடும். மூன்று நாள் மகிழ்ச்சிக்கு மூன்றாண்டுத் தவணை கட்டுவது இல்லறத்திற்கு நல்ல தொடக்கமன்று. சிந்திப்போம்.