பட்டி பூசி மறைக்க என் வண்டியில் ஒன்றும் இல்லை



போன வாரம் நம்ம ஸ்டாண்டர்டு ஹெரால்டின் படத்தை இங்கே போட்டேன். அடுத்த மாதம் திருவனந்தபுரத்தில் ஒரு பழைய கார் கிளப் நடத்தும் கண்காட்சிக்குக் கொண்டுபோகிறேன் என்றும் எழுதியிருந்தேன். வாழ்த்து சொன்னவர்களைவிட யோசனை சொன்னவர்கள்தான் அதிகம். "சார், ஒரு ஃபுல் பெயின்ட் அடிச்சிருங்க." "மாமா, கதவுல அந்தக் கீறலோடயா கொண்டு போறீங்க?" பெங்களூர் மருமகன் ஒருபடி மேலே போய் 85,000 ரூபாய்க்கு எஸ்டிமேட்டே வாங்கி அனுப்பிவிட்டான். பணமும் அவனே தருகிறானாம். நல்ல பிள்ளை. ஆனாலும் அவன் சொல்வது தப்பு. பெயின்ட் அடிக்கச் சொன்ன அத்தனை பேரும் சொல்வது தப்பு. ஏன் என்று கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். வகுப்பில் என் நீட்டலைப் பொறுத்தவர்கள்தானே நீங்கள்.

முதலில் ஒரு கேள்வி மக்களே. அத்தனை பேரில் ஒருத்தராவது "பிரேக் எப்படி சார் இருக்கு?" என்று கேட்டீர்களா?

இன்ஸ்பெக்ஷனுக்கு முந்தின நாள் பள்ளிக்கூடம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். சுவருக்கு வெள்ளை, தூணுக்குக் காவி, வாசலில் கோலம். ஆய்வகத்தில் ஒழுகுகிற பியூரெட் மட்டும் மறுவருஷமும் ஒழுகும். முப்பத்துமூன்று வருஷம் அதைப் பார்த்து எரிச்சல்பட்டவன் நான். வீட்டு முற்றத்திலும் அதையே செய்யச் சொல்கிறீர்கள்.

இளையவர்களுக்காக வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை. 1959-இல் இங்கிலாந்தில் ட்ரையம்ப் ஹெரால்டு என்று வந்தது. உருவம் வரைந்தவர் மிக்கேலோட்டி என்ற இத்தாலியர். 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி அதைச் செய்தது. நான்கு கதவு வைத்த ஹெரால்டு நம் நாட்டில் மட்டுமே செய்யப்பட்டது. நம்முடையது 1970 மாடல், நான்கு கதவு. அப்பா அதை செகண்ட் ஹேண்டாக வாங்கினார்.

இனி, நான் இதுவரை வெளியே அதிகம் பேசாத ஒன்று. 1998-இல் அக்கா மகள் கல்யாணத்துக்கு வண்டி பளபளவென்று நிற்க வேண்டும் என்று எனக்கும் ஆசை வந்தது. டிங்கரிங், பட்டி, பெயின்ட், பம்பருக்குக் குரோம் என்று இருந்த காசையெல்லாம் கொட்டினேன். அந்தச் சமயத்தில் ஸ்டியரிங் கொஞ்சம் கனமாக இருந்தது. வளைவில் முன்பக்கம் ஒரு முனகல். மெக்கானிக் "சார், கழற்றிப் பாப்போம்" என்றார். "கல்யாணம் முடியட்டும்" என்றேன் நான்.

கல்யாணம் முடிந்த மறுநாள், தோவாளை தாண்டி ஒரு திருப்பத்தில், இடது முன்சக்கரம் அப்படியே மடங்கியது. வேகம் குறைவு, எதிரே லாரி இல்லை. இல்லாவிட்டால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். பின்சீட்டில் இருந்த அம்மாவுக்கு வலது மணிக்கட்டு முறிந்தது. எலும்பு கூடிவிட்டது, ஆனால் பிடி வரவில்லை. அதற்குப் பிறகு அம்மா தேங்காய் திருவவில்லை. அவள் என்னை ஒரு சொல் சொன்னதும் இல்லை. ஏசியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

காரணம் என்ன தெரியுமா? ஹெரால்டின் முன்சக்கரத்தைச் செங்குத்தான ஒரு இரும்புத் தண்டு தாங்குகிறது. அதன் அடியில் மரை. அந்த மரை ஒரு வெண்கலத் துண்டுக்குள் ஏறியிருக்கும், ட்ரன்னியன் என்பார்கள். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அது அங்கே திரும்ப வேண்டும். அதற்கு கிரீஸ் ஆகாது. கியர் பாக்ஸுக்கு ஊற்றும் தொண்ணூறு ஆயில்தான் விட வேண்டும். கிரீஸ் கெட்டிப்பட்டு மரை முழுக்க இறங்காமல் நின்றுவிடும். தண்ணீர் புகும், இரும்பு அரிக்கும், மரை இறுகும், ஒருநாள் தண்டு முறியும். வருஷக்கணக்கில் அதற்கு கிரீஸ் அடித்தவன் நானேதான். இயற்பியல் வாத்தியார்! உராய்வு பற்றி உங்களுக்குப் பாடம் நடத்தியவன். ஒரு கரண்டி எண்ணெய் கேட்ட வண்டிக்கு பெயின்ட் பூசிக் கொடுத்தேன்.

அந்தப் பெயின்டாவது நின்றதா? கதவுக்குக் கீழே துருவைச் சுரண்டாமல் பட்டி வைத்து மூடியிருந்தார்கள். இரண்டு பருவமழையும் கொட்டுகிற மாவட்டம் நம்முடையது. இரண்டாவது வருஷமே கொப்புளம் கிளம்பியது. குத்திப் பார்த்தால் உள்ளே தகடே இல்லை.

"துருவை அப்படியே விடச் சொல்றீங்களா?" என்று கேட்பீர்கள். இல்லவே இல்லை. துரு நோய், அதை வெட்டி எடுத்துத் தகடு வைத்துப் பற்றவைத்து, அந்த இடத்துக்கு மட்டும் பெயின்ட் அடிக்க வேண்டும். அதைச் செய்தும்விட்டேன். கீறல் அப்படி இல்லை. பின்கதவில் இருப்பது அப்பாவின் சைக்கிள் ஹேண்டில் உரசிய கோடு. அது யாரையும் கொல்லாது.

வடசேரியில் பிறந்தவர்களுக்கு நான் இதை விளக்கவே கூடாது. நம் தெருக்களில் கோயில் நகை செய்கிறவர்களிடம் பழைய நெற்றிச்சுட்டியில் ஒரு கெம்புக்கல் விழுந்துவிட்டது என்று கொண்டுபோனால் என்ன செய்வார்கள்? அந்தக் குழிக்கு ஒத்த கல்லைத் தேடிப் பதிப்பார்கள். சுட்டியை உருக்கிப் புதிதாக அடித்துத் தருகிறேன் என்று சொல்கிறவனிடம் நீங்கள் மறுபடி போவீர்களா?

வெளியுலகத்திலும் இதே பேச்சுதான். பழைய வாகனங்களுக்கான சர்வதேசக் கூட்டமைப்பு 2012-இல் ஏற்ற டுரின் சாசனம், உள்ளதைக் காப்பதையே முதலில் வைக்கிறது. மாற்றுவதை இயன்றவரை குறைக்கச் சொல்கிறது. நம் மத்திய அரசின் 2021 விதியும் 50 வருஷம் கடந்த வண்டிக்கு விண்டேஜ் பதிவு தர, சேசிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் கூடாது என்கிறது. பெயின்ட் கூடாது என்று அது சொல்லவில்லை. உங்கள் பக்கத்தையும் சொல்லிவிட வேண்டுமே. (அந்தப் பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம். வாங்கிவிட்டால் வண்டியை அன்றாடம் ஓட்டவும் முடியாது. கனகமூலம் சந்தைக்குக் காய் வாங்கப் போகாத கார் எனக்கு எதற்கு?)

இப்போது என் வண்டியில் இருக்கும் குறைகள்: பிரேக் லைட் சுவிட்ச் சிலசமயம் வேலை செய்வதில்லை. ஹெட்லைட் மங்கல், எர்த் கம்பியில் துரு. வலது வைப்பர் பாதியில் நிற்கிறது. டிரைவர் பக்கக் கண்ணாடி ஏறாது. எல்லாவற்றையும்விட முக்கியம், பெட்ரோல் ஹோஸ். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அந்தக் காலத்து ரப்பருக்கு அது ஆகாது. ஹோஸ் வெடித்து, சூடான எஞ்சின்மேல் சொட்டினால் பளபளப்பான பெயின்டும் சேர்ந்துதான் எரியும். எல்லாம் சரிசெய்ய மெக்கானிக் சொன்ன கணக்கு 6,000 ரூபாய்க்குள்.

கண்காட்சியில் மார்க் போடுகிறவர்கள் பெரும்பாலும் இதில் எதையும் பார்ப்பதில்லை. வண்டி நிற்கும், சுற்றி வந்து முகம் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். அது அவர்கள் குறை. ஒவ்வொரு வண்டியையும் ஸ்டார்ட் செய்து, பிரேக் மிதித்து, விளக்குப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள் என்று அந்தக் கிளப்புக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். பதில் வரவில்லை. பரிசு வராது என்று எனக்குத் தெரியும், மக்களே. டிரக்கில் ஏற்றாமல் குழித்துறை, பாறசாலை வழியாக ஓட்டிப்போய் ஓட்டியே திரும்புவேன்.

மருமகனுக்கு: பணத்தை அனுப்பாதே. வருகிற ஞாயிறு நீ ஊருக்கு வருகிறாய் அல்லவா, பெட்ரோல் ஹோஸ் நல்லதாக இரண்டு மீட்டர், தொண்ணூறு ஆயில் ஒரு லிட்டர் வாங்கி வா. பழைய சட்டை போட்டுக்கொள். காலை ஏழு மணிக்கு ஜாக்கி வைப்பேன். பத்து மணிக்கு அத்தை ஆப்பம் சுடுவாள்.