ஸ்டீல் வாட்ச்சுக்குக் கடனா?

1/ "டாக்டர், சுவிஸ் ஸ்டீல் வாட்ச் நல்ல முதலீடாமே, லோன் போட்டு வாங்கலாமா?"னு கேக்கறாங்க. வேண்டாம். ஏன்னு சொல்றேன்.

2/ 1972ல ஓடெமார் பிகே கம்பெனி ராயல் ஓக்கை இறக்குச்சு. வடிவமைப்பு ஜெரால்ட் ஜென்டா. எண்கோண விளிம்பு, வெளியே தெரியுற 8 ஸ்க்ரூ. ஸ்டீல்தான், ஆனா பல தங்க வாட்ச்சை விட விலை அதிகம்!

3/ உடைஞ்ச எலும்புக்கு வைக்கிற பிளேட்டுகள்ல பலதும் 316எல் ஸ்டீல். பெரும்பாலான ஸ்டீல் வாட்ச்சும் அதே ரகம்தான்.

4/ நேரம்? நல்ல மெக்கானிக்கல் வாட்ச்சே தினமும் சில நொடி முன்னே பின்னே போகும். சாதாரண குவார்ட்ஸ் மாசத்துக்கே சுமார் 15 நொடிதான். நான் நாடி எண்ணுறது அதுலதான்.

5/ கைவேலையும் மெருகும் நிஜம், மறுக்கலை. ஆனா காசுல பெரும்பங்கு "ஸ்டாக் இல்லை, காத்திருங்க"ங்கிற வார்த்தைக்கு.

6/ முதலீடா? 2022 தொடக்கத்துல உச்சத்துல இருந்த மறுவிற்பனை விலை அதே வருஷம் சரிஞ்சது. உங்க இஎம்ஐ சரியாது.

7/ காசு மிச்சமிருக்கா, அழகு பிடிச்சிருக்கா? தாராளமா கட்டுங்க. கடன்னா, முதல்ல ஒண்ணு சொல்லுங்க: வீட்டுல எல்லாருக்கும் மருத்துவக் காப்பீடு எடுத்தாச்சா?